பெருங்காய வாசமடிக்கும் கார்கள்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பொறாமை. எழுதினால் நீங்கள் நாலு பேர் விசாரித்துக்கொண்டு போய் அவரைப் பார்ப்பீர்கள், திரும்பி வந்து "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்" என்பீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட அளவுக்கு நான் என் சொந்தப் பெயரைக்கூடக் கேட்டதில்லை. பதினான்கு வருடமாகத் திருவனந்தபுரத்தில் கார் விற்கிறேன். அதில் பத்து வருடம் அவர் நிழலில் நின்று விற்றேன் என்று சொன்னால், நிழலுக்கு வாடகை கேட்காத மனிதர் என்று அவருக்கு இன்னொரு நல்ல பெயர் கிடைத்துவிடும். ஆகவே சொல்லவில்லை.

என் ஷோரூம் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. கண்ணாடிச் சுவர், ஏ.சி., வருகிறவர்களுக்கு எலுமிச்சை டீ, எனக்கு ஒரு டை. அவர் கடை ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே ஒரு கார் நுழைந்துவிட்டால் மனிதர்கள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். போர்டில் 'கார் செட்' என்று இரண்டே சொற்கள், அதிலும் பெயிண்ட் உதிர்ந்தது போக மிச்சம். பக்கத்துக் கட்டடம் பெருங்காயக் கிடங்கு. அங்கே அரைநாள் நின்ற கார் மூன்று நாளைக்குப் பெருங்காயம் மணக்கும். எங்களிடம் சர்வீசுக்கு வரும் கார்களின் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், இது அங்கே போய்விட்டு வந்த வண்டி என்று. சாம்பார் கொதிக்கிற வாசம் வரும். நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுவேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரோடு கம்பெனியே வைத்து அனுப்புகிற பாட்டுப்பெட்டி, வழி சொல்லும் திரை எல்லாம் சேர்ந்து 'கம்பெனி செட்'. வெளியே வாங்கிப் பொருத்துவது 'வெளி செட்'. நான் கம்பெனி செட் கட்சி. பெரிய திரையும் வழி சொல்லும் பெண் குரலும் உள்ள டாப் மாடலைத் தலையில் கட்டுவதுதான் என் பிழைப்பு. யாராவது தயங்கினால் என்னிடம் ஒரு மந்திரம் உண்டு. "வெளியாள் வயரை வெட்டுவான் சார். வெட்டினா வாரண்டி போயிடும்." வாரண்டி போகும் என்றால் மலையாளியும் தமிழனும் ஒரே மாதிரிதான் வெளிறுவார்கள்.

அவர் வெளி செட் கட்சியின் தலைவராக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி. எதிரியை வெறுப்பது சுலபமான வேலை. அவரோ வெளி செட் விற்றுக்கொண்டே, வருகிறவர்களில் பாதிப் பேரை "கம்பெனி செட்டே கெடக்கட்டும்" என்று திருப்பி அனுப்புகிறவர். இப்படி ஒரு வியாபாரியை என்ன செய்வது?

வண்டியோடு ஆள் போனதும் அவர் செட்டைப் பற்றிப் பேச மாட்டார் என்று சொல்வார்கள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். பாட்டு எதுவும் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு இறங்கிப் பின் சீட்டில் ஏறி அங்கேயும் கொஞ்ச நேரம். பிறகு கேள்வி: "பின்னால யாரு உக்காருவா?" அப்புறம், "யாரு அதிகமா ஓட்டுவா?" கடைசியாக ஒரு சுற்று வண்டியை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் கிள்ளிப்பாலம் வரை போய்விட்டு வருவார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. தீர்ப்பு ஒரே வாக்கியம். அதற்கு மேல் கேட்டால் மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னது அவ்வளவுதான், பின்ன உங்க இஷ்டம்" என்பார். இந்த ஊரில் என் இஷ்டம் என்று போனவர் எவரும் இல்லை. அண்ணாச்சி விற்பதற்காகப் பொய் சொல்ல மாட்டார் என்பது ஆற்றுகால் அம்மன் கோவிலுக்கு வழி தெரிவது போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

முதல்முதலில் நான் அவரை நேரில் பார்த்ததற்கு எங்கள் கம்பெனி செட்தான் காரணம். அந்த அவமானத்தை விவரமாகச் சொல்கிறேன்.

பொதுப்பணித் துறையில் பெரிய என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவியுடன் டாப் மாடல் பார்க்க வந்தார். ஒரு மணி நேரம் நான் பேசினேன். திரையைத் தொட்டேன், தடவினேன், கொஞ்சினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுந்தவர், "ஆரியசாலையில் அயாளோடு ஒந்நு சோதிக்கட்டே" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேண்டாம் சார், வண்டியில ஏறுங்க, தம்பானூர் போயிட்டு வருவோம், வழியை இதுவே சொல்லும், நீங்களே பாருங்க" என்றேன்.

அதுவும் சொல்லிற்று. இடது பக்கம் திரும்பு என்றது, திரும்பினேன். இருநூறு மீட்டரில் வலது பக்கம் என்றது, திரும்பினேன். "எவ்வளவு தெளிவான உச்சரிப்பு பாருங்க" என்று அவர் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டே மூன்றாவது திருப்பத்தில் நுழைந்தபோது எதிரே ஒரு வாழைக்குலை லாரி நின்றது. பின்னால் இரண்டு கைவண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. திரையின் வரைபடம் பழையது. அதற்குள் அந்தப் பக்கம் ஒருவழிப் பாதை ஆகியிருந்தது. நான் கண்ணாடியை இறக்கினேன். பெருங்காயம் மணந்தது.

ஆமாம். எந்த மனிதரிடம் போகாமல் இருப்பதற்காக அந்தக் கருவியை முடுக்கினேனோ, அவர் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் பெண் குரல் சந்தோஷமாகச் சொன்னது, நேராகப் போகவும் என்று.

சந்திலிருந்து அவர் வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பென்சில் மாதிரி ஒரு டெஸ்டர். என் டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அந்த வாரம் முழுக்கச் சிரித்திருப்பேன்.

"விடுங்க சார், ரிவர்ஸ் எடுங்க. நான் பாத்துக்கிடுதேன். வாங்க, வாங்க, ஒடிச்சு, இன்னும் ஒடிச்சு... போதும்."

வண்டி வெளியே வந்ததும் என்ஜினியர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, இந்தச் செட்டு கொள்ளாமோ? நல்லதுதானா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். என்ஜினியரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தார். அரை நிமிஷம். பிறகு இறங்கினார்.

"நல்ல செட்டு சார். மேப்பு பழசு, அவ்வளவுதான். சர்வீஸ்ல குடுத்தா புதுசு ஏத்தித் தருவாங்க. கம்பெனி செட்டே கெடக்கட்டும்."

அன்று சாயங்காலமே என்ஜினியர் டாப் மாடலுக்கு முன்பணம் கட்டினார். மேலாளர் என் முதுகில் தட்டினார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். தோல்வியை ஜீரணித்துவிடலாம். எதிராளி வாங்கிக் கொடுத்த வெற்றி இருக்கிறதே, அது நெஞ்சிலேயே நிற்கும்.

இதற்கப்புறம் அது வழக்கமாயிற்று. நான் ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசுவேன், அவர் ஒரு வாக்கியத்தில் முடித்து வைப்பார். வருடக் கடைசியில் அதிக டாப் மாடல் விற்றவன் என்று எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆரியசாலையில குடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாலராமபுரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த ஊரில் டீச்சரைக் கட்டியவனும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் தங்கிவிட்டவை. வீட்டில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. நான் தமாஷாகப் பேசுகிறவன். ஷோரூமில் நான் வாயைத் திறந்தால் காசாளர் முதல் காவலாளி வரை சிரிப்பார்கள். சாப்பாட்டு மேசையில் என் மனைவி சிரிக்க மாட்டாள். நான் ஒன்றை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் பேசாமல் ரசத்தை ஊற்றுவாள். ரசனை இல்லாத பெண் என்று எண்ணி மன்னித்து வந்தேன்.

எங்கள் பழைய காரை மாற்றிப் புதிது வாங்கும் நாள் வந்தது. ஊழியர் சலுகை இருக்கிறது. டாப் மாடல்தான் என்று நான் தீர்மானித்தேன். இதில் வெறும் கார் விஷயம் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊரெல்லாம் அவர் பேச்சைக் கேட்கட்டும், என் வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும். அந்த ஒரு சதுர அடி ராஜ்யமாவது எனக்கு வேண்டாமா?

"அண்ணாச்சி கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்" என்றாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? கார் விக்கிறவனே வீட்ல இருக்கேன்."

"அதான் சொல்லுகேன். விக்கிறவங்ககிட்டயா கேப்பாங்க?"

சனிக்கிழமை பழைய காரை எடுத்துக்கொண்டு அவளே போய்விட்டாள். மத்தியானம் திரும்பி வந்தாள், வண்டியிலும் புடவையிலும் பெருங்காயத்தோடு.

"நடு மாடல் போதுமாம். செட்டு அவரே போட்டுத் தரேன்னாரு. பின்னால பாக்கதுக்கு கேமராவும்."

ஊரில் பாதிப் பேரைக் கம்பெனி செட்டுக்கு அனுப்பியவர், கம்பெனி செட் விற்பவன் வீட்டுக்கு வெளி செட் எழுதிக் கொடுத்திருக்கிறார்! கடைசியில் கள்ளன் பிடிபட்டான் என்று ஒரு ஆனந்தம்கூட வந்தது. நேரே ஆரியசாலைக்குப் போனேன். ஒரு காரின் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கால்களிடம் சண்டை போட்டேன்.

"அண்ணாச்சி, எங்க டாப் மாடல்ல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல சார்" என்றன கால்கள்.

"பின்ன ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலை இறக்கினார்.

"அந்த மாடல்ல வழி சொல்லுத குரல், ஓட்டுதவங்க பக்கத்துக் கதவு ஸ்பீக்கர்ல மட்டும்தான் சார் வரும். வலது கதவுல. மாத்த முடியாது. டீச்சருக்கு வலது காது கொஞ்சம் மந்தம்லா?"

அவர் மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின் சீட்ல வலது பக்கம் இருந்து மூணு தடவ கூப்பிட்டேன். கேக்கல. இடது பக்கம் நவுந்து மெதுவாச் சொன்னேன், சட்னு திரும்பிட்டாங்க. வெளி செட்டுன்னா குரல இடது பக்கம் மாத்தி வச்சிரலாம். தனியா ஓட்டுதவங்க, பாருங்க."

ஷோரூமுக்குத் திரும்பி வந்து, காட்சிக்கு வைத்திருந்த டாப் மாடலில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு வழி கேட்டேன். குரல் வலது கதவிலிருந்து மட்டும் வந்தது. நாலு வருடமாக அந்த வண்டியை விற்ற எனக்கு அது தெரியாது. பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அதுவும் தெரியாது.

அன்று வீட்டில் கேட்டேன். "எப்பம் இருந்து?"

"ரெண்டு மூணு வருஷமா. ஒரு காய்ச்சல் வந்துச்சில்ல, அதுக்குப் பொறவு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. காது செரியா கேக்கலைன்னு சொன்னேன். இனிமே திட்டினா ஒரு காதுலதான் விழும், உனக்கு லாபம்னு ஜோக்கடிச்சீங்க."

அடித்திருப்பேன். நல்ல ஜோக்தான்.

மறுநாள் முதல் மேசையில் இடது பக்கம் மாறி உட்கார்ந்தேன். இத்தனை வருடம் வீணாய்ப் போன என் சரக்கில் மிகச் சிறந்த ஒன்றை எடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்டாள். ரசத்தை ஊற்றினாள். "இதுக்கா நான் இத்தன நாள் சிரிக்கலைன்னு வருத்தப்பட்டீங்க?" என்றாள்.

நடு மாடல் வந்தது. அவர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செட் போட்டார். வண்டியோடு வந்திருந்த சின்னக் கம்பெனி செட்டைக் கழற்றிப் பழைய வேட்டித் துண்டில் பொதிந்து, திருகாணிகளை ஒரு கவரில் போட்டு மேலே கார் நம்பர் எழுதி, டீச்சர் கையில் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்பார். "பரண்ல வைங்க. வண்டிய விக்கும்போது இது கேப்பாங்க." அவள் அதைக் கோவில் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு ராணி கிளம்புகிற மாதிரி இருக்கும். திரும்பி வந்தால், "என்ன தெளிவு! பக்கத்துல ஆள் உக்காந்து சொல்லுத மாதிரி இருக்கு" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல இங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்பது ஞாபகம் வராது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் என்னை அறிமுகப்படுத்துவதற்கு முன் காரின் செட்டை அறிமுகப்படுத்துவாள். எனக்கு ஒரே ஒரு வழி தோன்றியது. அந்த மனிதர் எங்கேயாவது ஒரு வயரையாவது வெட்டியிருக்க மாட்டாரா? ஒரே ஒரு வயர். என் மந்திரம் பொய்யில்லை என்று ஆகிவிடும். அவரும் மனிதர்தான் என்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலில் நாகர்கோவிலுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனாள். நான் வயிற்றுவலி என்று தங்கிவிட்டேன். பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், தோசைச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். டாஷ்போர்டின் இடுக்கில் சட்டுவத்தை நுழைத்து நெம்பினேன். செட் கழன்று வந்தது.

உள்ளே ஒரு வெட்டுக்கூட இல்லை. ஒவ்வொரு வயரும் கப்ளர் என்கிற பிளாஸ்டிக் முனையில் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தால் தனியாக வரும், அழுத்தினால் சேரும். ஒவ்வொன்றிலும் காயத்துக்குப் போடும் வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு சீட்டு ஒட்டி, பால்பென்னால் எழுதியிருந்தார். 'எர்த்'. 'கேமரா'. 'பின் ஸ்பீக்கர்'. என் பீரோவைவிட ஒழுங்கு. இடது முன் ஸ்பீக்கருக்குப் போகும் வயரைத் தூக்கிப் பார்த்தேன். அதில் 'இடது' என்று எழுதவில்லை. 'டீச்சர் காது' என்று எழுதியிருந்தது.

என் பெண்டாட்டியின் காது. அதை எழுதியது இன்னொருவன் கை.

சட்டுவம் வயர்களுக்கு நடுவே கிடந்தது. சட்டுவத்தை வெடுக்கென்று இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். 'கேமரா' என்று எழுதிய வயர் இரண்டாகத் தொங்கியது. ஒரு வெட்டு தேடிப் போனேன், கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு, வயிற்றுவலி நிஜமாகவே வந்ததால் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளியில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது திரை இருட்டாக இருந்ததாம். தலைமையாசிரியையின் ரோஜாத் தொட்டி ஒன்று போயிற்று. போனில் அவள் குரல் உடைந்திருந்தது. "பிள்ளைங்க யாராவது நின்னிருந்தா?"

சனிக்கிழமை இருவரும் அவர் கடைக்குப் போனோம். பெருங்காயம் அன்று கூடுதலாக மணந்தது. அவர் செட்டைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவி, வயரின் இரண்டு முனைகளையும் வெளியே எடுத்தார். கத்தி வைத்த மாதிரி நேரான வெட்டு. இடுக்கில் சட்டுவம் நெம்பிய வடு. வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் முகத்தைக்கூட அல்ல, கைகளை. நான் அவற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றாள் டீச்சர். "உங்க வேலையில இப்படி வந்ததே இல்லைன்னு எல்லாரும் சொல்லுவாங்களே." குரலில் முதல்முறையாக ஒரு சந்தேகம். நான் இத்தனை வருடம் காத்திருந்த சந்தேகம்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். "வெளியில குடுத்தா இப்படித்தான்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எலி, டீச்சர்" என்றார் அவர்.

"எலியா?"

"ஆமா. கரமனையில ஆத்தங்கரை பக்கம்லா? வண்டிக்குள்ள ஏறியிருக்கு. பெரிய எலி. ஒரே கடி."

"எங்க வீட்ல எலியே இல்லியே?"

"இருக்கு டீச்சர். கண்ணுல படாது. பொறி ஒண்ணு வாங்கி வைங்க. தேங்காச் சில்லு வைக்கணும். தெனமும் புதுசா வைக்கணும். சார் வைக்கட்டும்."

விற்பதற்காக ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர், என் முகத்தைப் பார்க்காமல், திரும்பி உட்கார்ந்து வயரைச் சேர்க்க ஆரம்பித்தார். காசு வாங்கவில்லை. எலிக்கு வாரண்டி உண்டு என்றார்.

அன்றே சாலைக் கடைத்தெருவில் டீச்சர் எலிப்பொறி வாங்கினாள். எட்டு மாதம், தினமும் சாயங்காலம் ஷோரூமிலிருந்து வந்ததும், டையைக்கூட அவிழ்க்காமல், காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துத் தேங்காய்ச் சில்லு வைத்தேன். எதிர்வீட்டு மாமி, "என்ன, ஆப்பிட்டுதா?" என்று கேட்பாள். அந்தப் பொறியில் ஒரே ஒரு தடவைதான் ஏதோ மாட்டியது. என் ஆள்காட்டி விரல்.

அவரிடம் தனியாகப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். சந்து முனை வரை போய்ப் பெருங்காய வாசத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். ஒருமுறை உள்ளேயே போய்விட்டேன். டாஷ்போர்டுக்குக் கீழிருந்து கால்கள், "பொறி வைக்கீங்களா சார்?" என்று கேட்டன. "வைக்கேன்" என்றேன். "நல்லது" என்றன. அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை. அவர் தமாஷ் பேசத் தெரியாதவர் என்று அன்றும் எனக்குத் தோன்றியது. அந்த ஒரு துறையிலாவது நான் மேல் என்று ஆறுதல் பட்டேன்.

பிறகு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது என்று கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் தூத்துக்குடிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் போய் வழியனுப்பவில்லை. கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். வருகிறவர்கள் இப்போது என்னையே கேட்டார்கள், கம்பெனி செட்டா வெளி செட்டா என்று. ஒருநாள் ஒரு தம்பதியிடம் டாப் மாடலைப் புகழ ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தி, "பின்னால யாரு உக்காருவா?" என்று கேட்டேன். கேட்டது என் வாய்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அன்று நடு மாடல்தான் விற்றது. மேலாளர் முதுகில் தட்டவில்லை.

ஏழு வருடம் ஓடிய அந்தக் காரை இந்தப் பங்குனியில் விற்றோம். வாங்க வந்த நெடுமங்காட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "கம்பெனி செட் உண்டோ?" டீச்சர் என்னைப் பார்த்தாள். பரணில் ஏறி வேட்டிப் பொதியை இறக்கினேன். பிரித்ததும் கூடம் முழுக்கப் பெருங்காயம். திருகாணி ஒன்றுகூடக் குறையவில்லை.

நானே மாற்றுகிறேன் என்றேன். இந்தத் தடவை சட்டுவம் இல்லாமல், முறையான கருவியோடு. காலை வெயில் காருக்குள் விழுந்தது. டீச்சர் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கப்ளராகப் பிரித்து, சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தேன். 'எர்த்'. 'பின் ஸ்பீக்கர்'. 'டீச்சர் காது' என்பதை மட்டும் மனதுக்குள் வாசித்தேன். கடைசியாகக் கேமரா வயர். நான் வெட்டிய இடத்தில் ஒரு கருப்பு உறை போட்டு அழகாக மூடியிருந்தார். அதன் மேல் ஒரு புதுச் சீட்டு. அதே பால்பென். இரண்டே எழுத்து.

'எலி'.



"என்ன எழுதியிருக்கு?" டீச்சர் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாள்.

"அப்பம் அவருக்கும் தெரியுமா?" என்றாள்.

"அவருக்கும்னா?"

"சட்டுவம் நுனி வளைஞ்சிருந்துதே. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பொறவு ஒரு தோசகூட செரியாத் திரும்பல. பொறி வாங்கின பொறவுதான் காரணம் புரிஞ்சுது."

"பின்ன எதுக்கு எட்டு மாசம் தேங்கா வைக்க விட்ட?"

அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நிற்க முடியாமல் பின் சீட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக நான் வலது பக்கத்திலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும் முயன்று வரவழைக்க முடியாத சிரிப்பு.

நான் ஒரு ஜோக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பொறுக்க மாட்டேன். அவர் தன் வாழ்நாளில் செய்த ஒரே தமாஷை டாஷ்போர்டுக்குள் எழுதி வைத்து, திருகாணி போட்டு மூடி, ஒருவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டே போயிருக்கிறார். என்றாவது ஒருநாள் அதைத் திறக்கப் போவது நான்தான் என்று தெரிந்துகொண்டு.

டீச்சர் இன்னும் அவ்வப்போது நினைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நேற்றுகூட ரசம் ஊற்றும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுக்க அவருடையது. எலி மட்டும்தான் என்னுடையது.